எந்தக் கன்சோலை அறுக்கலாம்? கையடக்கமா மாத்த குளோன், என்64, வீ மூணும் இருக்கு

பர்ப்பிள்_லைன்_பயணி · ஜீவன்பீமா நகர்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு இருந்தவன், இப்ப கேள்வியோட வந்திருக்கேன்.

டிவில மாட்டி ஆடுற பழைய கன்சோலை ஸ்கிரீன், பேட்டரி, பட்டன் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டிக்குள்ள அடக்கி, கைல வெச்சு ஆடுற மாதிரி செய்யணும். எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்) வேண்டாம், அசல் போர்டே ஓடணும். கைல இருக்கிற சரக்கு மூணு.

ஒண்ணு, அம்மா வீட்டுப் பரண்ல இருந்து இறக்கின டிவி கேம், அதான் நின்டென்டோ மெஷினைக் காப்பியடிச்ச குளோன். மஞ்சள் கேசட் போடுறது. அடாப்டர் காணோம், ஒரு கன்ட்ரோலர்ல வயர் பிஞ்சிருக்கு. ரெண்டாவது, துபாய்ல வேலை பார்த்த பெரியப்பா கொண்டுவந்த என்64 (நின்டென்டோ 64). சூப்பரா ஓடுது. மூணாவது, சிக்பேட்டை ஞாயித்துக்கிழமை சந்தைல பழைய ரேடியோ குவியலுக்கு நடுவுல கிடைச்ச வெள்ளை வீ (நின்டென்டோ Wii). டிஸ்க் டிரைவ் செத்துப்போச்சு, ஆனா மெனு வருது.

சால்டரிங் தெரியும், பெரிய கால் உள்ள பார்ட்ஸ் வரைக்கும். 25 வாட் அயர்ன், ஒரு மல்டிமீட்டர் இருக்கு. எதுல கை வைக்கலாம்? பெங்களூர்ல ஒயிட்ஃபீல்டு வரைக்கும் தினம் மெட்ரோல போறேன், அதுல ஆடணும்னு ஆசை.


ஓட்டை_ஜாய்ஸ்டிக் · மடிவாளா

காலைல எட்டரை மணிக்கு இந்திரா நகர் தாண்டி அந்த ரயில்ல கையை நெஞ்சுக்கு மேல தூக்க இடம் கிடைக்குதான்னு முதல்ல பாரு குரு. கேம் அப்புறம்.


கரிவாசம் · சிவாஜிநகர்

தம்பி, பரண்ல இருந்து வந்ததை எடுங்க. மத்த ரெண்டையும் துணி போட்டு மூடி வைங்க.

மலிவா இருக்குன்னு மட்டும் சொல்லல. அறுக்கிறது, ஒட்டுறது, பெயிண்ட் அடிக்கிறதெல்லாம் வெளிய தெரியுற வேலை. நிஜமான வேலை கரண்டுல இருக்கு. சுவத்து பிளக்கை நம்பிச் செஞ்ச போர்டை பேட்டரிக்குப் பழக்கணும். அந்தப் பாடத்தை 5 வோல்ட் மட்டும் கேக்குற போர்டுல கத்துக்கறது நல்லதா, நாலு வோல்ட்டேஜ் கேக்குற வீ போர்டுலயா?

குளோனுங்க காப்பியடிச்ச அசல் நின்டென்டோ மெஷின் ஃபேமிகாம். அதோட அடாப்டர் 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர். நம்ம ஊருக்கு வந்த குளோனுங்க பெரும்பாலும் 9 வோல்ட்ல ஓடும். உள்ள போனதும் 7805-னு மூணு கால் ரெகுலேட்டர் அதை 5 ஆக்கிடும். மிச்சம் 4 வோல்ட் அப்படியே சூடா போயிடும். 9-ல 4, அதாவது 44 சதவீதம். சுவத்துல மாட்டுற வரைக்கும் யாருக்கும் அதைப் பத்திக் கவலை இல்ல. பேட்டரில ஓட்டும்போது அது பகல் கொள்ளை. அதனால 7805-ஐக் கழட்டிடுங்க. லித்தியம் செல்லுக்கு வோல்ட்டேஜை ஏத்துற ஒரு பூஸ்ட் கன்வர்ட்டர் வெச்சு, அதுல வர்ற 5 வோல்ட்டை ரெகுலேட்டரோட மூணாவது கால் இருந்த ஓட்டைல நேரா கொடுங்க. நடுக்கால் கிரவுண்ட்.

இது இன்னைக்கு நேத்து வந்த பைத்தியம் இல்ல. 1977-ல வந்த அட்டாரி 2600-ஐ 2000-ல பென் ஹெக்கன்டார்ன்னு ஒரு அமெரிக்கர் கைல பிடிக்கிற சைஸுக்குச் சுருக்கினார். அதைப் பார்த்துக் கிளம்பினவங்கதான் நிறைய பேர். கம்பெனியே செஞ்ச கதையும் உண்டு. சேகா 1995-ல நோமாட்னு ஒண்ணு விட்டுது, அவங்களோட வீட்டுக் கன்சோல் ஜெனிசிஸ் கேசட்டை அதுல அப்படியே சொருகலாம். ஆறு பென்சில் செல்லை ரெண்டு மூணு மணி நேரத்துல முழுங்கிடும். அவ்வளவு பெரிய கம்பெனியையே தடுமாற வெச்சது கரண்டு, பார்த்துக்கோங்க.


எமுலேட்டர்_எட்டப்பன் · எலக்ட்ரானிக் சிட்டி

திட்டு வாங்குவேன்னு தெரிஞ்சேதான் இந்தப் பேரு வெச்சேன், ஆரம்பிக்கலாம்.

நேஷனல் மார்க்கெட்ல நுழைஞ்சா சீனாவுல செஞ்ச கையடக்கப் பெட்டி கிடைக்குது. குளோன், சேகா, பிஎஸ்1 எல்லாம் அதுல ஓடும். நல்ல ஸ்கிரீன், டைப்-சி சார்ஜ், எங்க வேணா சேவ் பண்ணலாம். நீங்க வாங்கப்போற ஸ்கிரீன், செல், பூஸ்ட் போர்டு, பட்டன், ஆட்டோ காசு எல்லாம் கூட்டிப் பாருங்க, அதே விலைதான் வரும். கடைசில கைல இருக்கிறது செங்கல் கனத்துல ஒரு டப்பா.

காசு உங்களோடது, அதை விடுங்க. எனக்கு உறுத்துறது வேற. ஓடிக்கிட்டு இருக்கிற என்64-ஐ யாராவது அறுத்தா உலகத்துல ஒரு என்64 குறையுது, அவ்வளவுதான். இனிமே யாரும் புதுசா அந்த போர்டு அடிக்கப்போறதில்ல. எமுலேட்டர் எதையும் அழிக்கறதில்ல.


பழைய_கேசட் · ஸ்ரீராமபுரம்

எட்டப்பா, கடைசிப் பத்தில நீ சொன்னதுக்கு நானும் கை தூக்கறேன். முதல் பத்திதான் இடிக்குது.

நாமெல்லாம் சின்ன வயசுல ஆடின குளோன் எப்படி ஓடுச்சுன்னு யோசிச்சுப் பாரு. நம்ம டிவி பால் (PAL)னு ஒரு ஒளிபரப்பு முறை, 50 ஹெர்ட்ஸ். ஜப்பான், அமெரிக்கா மெஷின் 60 ஹெர்ட்ஸ். நின்டென்டோ ஐரோப்பாவுக்கு விட்ட பால் மெஷின்ல சிபியு வேகத்தையும் 1.66 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைச்சுட்டாங்க. ஆனா யூஎம்சின்னு ஒரு தைவான் கம்பெனி 6527பி, 6538-னு ஜோடியா சிப் அடிச்சது. பால் ஊருக்குப் போன குளோன் நிறையதுல அதுதான் இருந்தது. படம் 50 ஹெர்ட்ஸ், சிபியு மட்டும் 1.77 மெகாஹெர்ட்ஸ். அசல் ஜப்பான் மெஷின் 1.79, கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால பாட்டோட சுருதி மாறல, தாளம் மட்டும் கொஞ்சம் சோம்பலாச்சு. குண்டு வர்றதும் அதே சோம்பல்தான்.

இப்ப நீ எமுலேட்டர்ல கான்ட்ரா கேம் போட்டா அது சும்மா விட்டா 60-ல ஓடும். "அப்ப ஈஸியா முடிச்சேனே, இப்ப ஏன் செத்துச் செத்து விழறேன்"னு எத்தனை பேர் கேக்குறாங்க. வயசாயிடுச்சுங்கறதும் ஒரு காரணம்தான், மறுக்கல.


எமுலேட்டர்_எட்டப்பன் · எலக்ட்ரானிக் சிட்டி

மெசென்னு ஒரு எமுலேட்டர்ல ரீஜன்னு ஒரு அமைப்பு இருக்கு, அதுல டெண்டின்னு போடு. ரஷ்யாக்காரங்க ஆடின குளோனோட பேரு அது. நீ சொன்ன அதே 50 ஹெர்ட்ஸ், அதே 1.77. வேலை முடிஞ்சுது.


பழைய_கேசட் · ஸ்ரீராமபுரம்

போட்டுப் பார்த்தேன். சரியாத்தான் இருக்கு, கடுப்பாவும் இருக்கு.

ஆனாலும் பயணி செய்யறதை நிறுத்த வேண்டாம். எனக்கு அந்தக் கேசட்டை ஊதிச் சொருகணும்.


கோலார்_தங்கம் · கே.ஆர். புரம்

பயணி, என்64 பத்தி மட்டும் நான் சொல்லிடறேன். எம்பெடட் வேலைல இருக்கேன், வீட்டுல ஒண்ணு திறந்த நிலைல கிடக்கு.

அதோட அடாப்டர் பெட்டியைத் திருப்பிப் பாருங்க. 3.3 வோல்ட் 2.7 ஆம்பியர், 12 வோல்ட் 0.8 ஆம்பியர்னு ரெண்டு வெளியீடு போட்டிருக்கும். அந்த 3.3 நேரா சிப்புக்குப் போகுது, நடுவுல காப்பாத்த ரெகுலேட்டர் கிடையாது. நீங்க வைக்கிற கன்வர்ட்டர் கொஞ்சம் துள்ளினாலும் அடி சிப்புக்கு. அப்புறம் முன்னாடி மூடிக்குள்ள இருக்கிற ஜம்பர் பேக். அதைச் சும்மா பிளாஸ்டிக்னு நினைச்சுக் கழட்டினா ஆன்கூட ஆகாது, ராம் வயரிங் அங்கதான் முடியுது. கேசட் ஸ்லாட்டை இடம் மாத்தணும்னா 50 வயர் இழுக்கணும், எல்லாம் குட்டையா இருக்கணும்.

துபாய் சரக்குன்னா அது பாலா (PAL) இருக்க வாய்ப்பு உண்டு, அப்படின்னா, 50 ஹெர்ட்ஸ்ல பல கேம் ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும். அவ்வளவு பாடுபட்டு அந்த வேகத்துல ஆடணுமா? நல்லா ஓடுறதை பெரியப்பா ஞாபகமா டிவி பக்கத்துலயே வெச்சிடுங்க.

வீ வேற கதை. டிரைவ் செத்த வீக்கு இதைவிட நல்ல மறுபிறவி கிடையாது. ஆனா முதல்ல குளோனை முடிச்சிட்டு வாங்க, அப்புறம் எழுதறேன்.


பர்ப்பிள்_லைன்_பயணி · ஜீவன்பீமா நகர்

சரிக்கா. என்64 தப்பிச்சுது.

குளோனைத் திறந்துட்டேன். நாலு ஸ்குரூ, அதுல ஒண்ணு துருப்பிடிச்சு தலை வழுக்கிடுச்சு. அவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள உள்ளங்கை அளவுக்கு பழுப்பு போர்டு ஒண்ணுதான். கனத்துக்காக ஒரு இரும்புத் தகடு வேற அடில ஒட்டியிருக்காங்க! நடுவுல கறுப்பா, பளபளன்னு தார் சொட்டு விட்ட மாதிரி ஒரு மேடு. சிப்புன்னு வேற எதுவுமே இல்ல. பக்கத்துல கேசட் ஸ்லாட், 60 பின். மேல் மூலைல வெள்ளித் தகரப் பெட்டி, அதுல இருந்து ஆன்டெனா வயர் போகுது. ஏவி சாக்கெட் இல்ல. பழைய_கேசட் சொன்ன யூஎம்சி நம்பர் எங்கயும் காணோம்.

இதுல எங்க கை வைக்கணும்?


கரிவாசம் · சிவாஜிநகர்

அந்தக் கறுப்பு மேட்டுக்குக் கீழதான் மொத்த மெஷினும் இருக்கு. சிபியு, படம் வரையற சிப்பு ரெண்டையும் ஒரே சில்லுல அடிச்சு, போர்டுலயே ஒட்டி, மேல எபாக்சி ஊத்திடுவாங்க. பின்னாடி வந்த குளோன் எல்லாம் இந்த ரகம். உங்களுக்கு இது லாபம்தான், கரண்டு கம்மியா குடிக்கும். மேட்டைச் சுரண்டிப் பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாம். உள்ள தலைமுடியைவிட மெல்லிசா வயர் ஓடுது.

தகரப் பெட்டி ஆர்எஃப் மாடுலேட்டர். டிவில சேனல் 3, 4 தேடித் திருப்புவோமே, அதுக்கானது. அதுக்குள்ள போற கால்கள்ல ஒண்ணு 5 வோல்ட், ஒண்ணு ஆடியோ, ஒண்ணு வீடியோ. மீட்டர்ல 5 வோல்ட் காலை முதல்ல கண்டுபிடிச்சு ஒதுக்கிடுங்க. மத்த ரெண்டுல ஒரு ஆர்சிஏ வயர் (டிவி ஏவில சொருகுற மஞ்சள் முனை வயர்) வெச்சு டிவி ஏவில சொருகிப் பாருங்க. படம் வந்தா வீடியோ, டிவி ஸ்பீக்கர் கத்தினா ஆடியோ. வீடியோ மங்கலா, உருண்டு உருண்டு வந்தா சிக்னலுக்கு வலு கொடுக்க ஒரு டிரான்சிஸ்டர் பஃபர் போட வேண்டியிருக்கும். அதை அப்புறம் பார்ப்போம்.

ஸ்கிரீனுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற எஸ்பி ரோடு போகாதீங்க. கார் சாமான் விக்கிற ஜேசி ரோடு போங்க. கார் ரிவர்ஸ் கேமராவுக்கு வைக்கிற 4.3 இன்ச் ஸ்கிரீன் கேளுங்க, போன தடவை விசாரிச்சப்ப 1,000 ரூபாய்க்குள்ள சொன்னாங்க. மஞ்சள் ஆர்சிஏ சாக்கெட் இருக்கும், பால், என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்கா டிவி முறை) ரெண்டையும் தானா கண்டுபிடிச்சுக்கும். பெட்டில 12 வோல்ட்னு போட்டிருக்கும், பயப்படாதீங்க. பின்மூடியைத் திறந்து சிவப்பு வயர் எங்க போய் முடியுதுன்னு பாருங்க. எட்டு கால் உள்ள சின்ன ஐசி, பக்கத்துல ஒரு காயில், அதுக்குப் பக்கத்துல ஒரு கெப்பாசிட்டர். 12 வோல்ட் கொடுத்து அந்த கெப்பாசிட்டர்ல அளந்தா 5 இல்லன்னா 3.3 காட்டும். 5 காட்டினா உங்களுக்கு யோகம். ஐசியைக் கழட்டிட்டு உங்க 5 வோல்ட்டை அந்த கெப்பாசிட்டர்லயே கொடுத்தா ஸ்கிரீன் எரியும். 3.3 காட்டினா கழட்டாதீங்க, அந்த ஐசிக்கே 5 வோல்ட் கொடுத்துப் பாருங்க, பல ஸ்கிரீன் அப்படியே ஓடிடும்.


ஓட்டை_ஜாய்ஸ்டிக் · மடிவாளா

அண்ணே, வாத்து சுடுற துப்பாக்கி இதுல வேலை செய்யுமா?


பழைய_கேசட் · ஸ்ரீராமபுரம்

செய்யாது. டிரிகர் அழுத்தினதும் திரை ஒரு நொடிக்கும் குறைவா கறுப்பாகி, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமா மின்னும். துப்பாக்கி முனைல இருக்கிற கண்ணு அந்த வெளிச்சத்தைப் பிடிக்கணும். பழைய பிக்சர் டியூப் டிவி வெளிச்சத்துக்கும் நேரத்துக்கும்தான் அது அளவெடுத்தது, எல்சிடி தாமதமா காட்டும். அதுவும் கைல பிடிச்சிருக்கிற பெட்டியை நீயே துப்பாக்கியால குறி பார்க்கப் போறியா?


அல்சூர்_ஏரிக்கரை · அல்சூர்

பேட்டரி கம்பெனில இருக்கேன். இதுவரைக்கும் எல்லாரும் செல்லுன்னு ஒரு வார்த்தைல தாண்டிட்டீங்க, நான் கொஞ்சம் நிறுத்தி சொல்லிடறேன். மத்ததெல்லாம் கெட்டா கேம் ஓடாது. இது கெட்டா வீடு எரியும்.

18650 செல் (லேப்டாப் பேட்டரில இருக்கிற உருளை லித்தியம் செல்) வாங்கும்போது உறை மேல 9900 எம்ஏஎச்-னு போட்டிருந்தா கடையை விட்டு வெளிய வந்துடுங்க. நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். சந்தேகமா இருந்தா தராசுல போடுங்க. அசல் 45 கிராமை ஒட்டி இருக்கும். டூப்ளிகேட் லேசா இருக்கும், சிலதுல உள்ள பொடியை அடைச்சு வெச்சிருப்பாங்க.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைச்சு செல் எடுக்கிற பழக்கம் எஸ்பி ரோட்டுல எல்லாருக்கும் உண்டு. எடுங்க, ஆனா எடுத்ததும் வோல்ட் பாருங்க. ரொம்ப நாள் 2 வோல்ட்டுக்குக் கீழ கிடந்த செல்லுல உள்ள இருக்கிற தாமிரத் தகடு கரைய ஆரம்பிச்சிருக்கும். அதை உசுப்பி சார்ஜ் பண்ணினா அந்தத் தாமிரம் தப்பான இடத்துல படிஞ்சு உள்ளயே ஷார்ட் ஆகும். ஏறிடுச்சேன்னு சந்தோஷப்படுவீங்க, ஒரு நாள் ராத்திரி சார்ஜ்ல இருக்கும்போது வேலையைக் காட்டும். அந்த மாதிரி செல்லை மின்கழிவுல போட்டுடுங்க.

செல்லு மேல அயர்னை வெச்சு அழுத்தாதீங்க. நிக்கல் பட்டை ஏற்கெனவே ஸ்பாட் வெல்டு பண்ணினது கிடைக்கும், பட்டைல சால்டர் பண்ணுங்க.

அடுத்தது சார்ஜ் போர்டு. எல்லாரும் டிபி4056 வாங்குவீங்க. சின்னது, மலிவு, 1 ஆம்பியர்ல ஒரு செல்லை 4.2 வோல்ட் வரைக்கும் ஏத்தும். பாதுகாப்பு ஐசியோட வர்ற ரகத்தை வாங்குங்க, அதுல வெளியீட்டுக்குத் தனியா ரெண்டு பேடு இருக்கும். இதுல ஒரு சிக்கல். செல் நிறைஞ்சுதான்னு இந்த ஐசி எப்படிக் கண்டுபிடிக்குது? சார்ஜ் கரண்டு பத்துல ஒரு பங்கா குறைஞ்சதும் நிறுத்திடும். நீங்க சார்ஜ் போட்டுக்கிட்டே கேம் ஆடினா கன்சோல் வேற கரண்டு இழுத்துக்கிட்டே இருக்கும், அந்தக் குறைவு வரவே வராது. செல் 4.2-லயே மணிக்கணக்கா தொங்கும். அதனால ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டும் ஷாட்கி டையோடும் வெச்சு, சார்ஜர் வந்ததும் கன்சோல் அதுல இருந்தே எடுத்துக்கிற மாதிரி வழியைப் பிரிக்கணும். இல்ல, பவர் பேங்க்ல வர்ற ஐபி5306 மாதிரி ஐசி போட்டுடுங்க, சார்ஜும் 5 வோல்ட் பூஸ்ட்டும் ஒண்ணா வந்துடும். ரொம்பக் கம்மியா கரண்டு இழுத்தா அது தானா அணைஞ்சுடும். உங்க ஸ்கிரீன் எரியற வரைக்கும் அந்தப் பிரச்சினை வராது.


ஓட்டை_ஜாய்ஸ்டிக் · மடிவாளா

கெம்பேகவுடா ஏர்போர்ட்ல இந்தப் பெட்டியை ஸ்கேன்ல விட்டா என்ன நடக்கும்? வயரு, செல்லு, மேல சிவப்பு பட்டன்...


அல்சூர்_ஏரிக்கரை · அல்சூர்

விதிப்படி பேட்டரி 100 வாட்-அவர் (Wh) அளவுக்குள்ள இருந்தா கைப்பைல கொண்டுபோகலாம். ரெண்டு செல் சேர்ந்தாலும் 25-ஐத்தான் தொடும். ஆனா விதியை வாசிச்சுக் காட்டுற இடமில்ல அது. ஊருக்கு ரயில்ல போ.


பர்ப்பிள்_லைன்_பயணி · ஜீவன்பீமா நகர்

ஜேசி ரோடு போனேன். கடைக்காரர் "எந்த வண்டிக்கு?"னு கேட்டார். டிவி கேமுக்குன்னு சொன்னதும் உள்ள இருந்த பையனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். சிரிப்பு அடங்கின பிறகு பேட்டரி வெச்சு ஸ்கிரீனை எரியவிட்டுக் காட்டித்தான் கொடுத்தார், நல்ல மனுஷன்.

கெப்பாசிட்டர்ல 5 வோல்ட் காட்டுச்சு. யோகம்தான்! வீடியோ காலும் கிடைச்சுடுச்சு, படம் வருது. மேசை மேல எல்லாம் விரிச்சுப் போட்டு மாரியோ ஓடுது. பொண்டாட்டி ஃபோட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டுட்டா.

ரெண்டு சந்தேகம். கன்ட்ரோலரை எப்படி உள்ள சேர்க்கிறது? பெட்டிக்கு என்ன பண்றது, 3டி பிரிண்டர் இல்ல.


கரிவாசம் · சிவாஜிநகர்

கன்ட்ரோலர்ல அஞ்சே வயர். 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. கன்சோல் லாட்ச் தட்டினதும் எட்டு பட்டனோட நிலையையும் ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர் பிடிச்சு வெச்சுக்கும், கிளாக் தட்டத் தட்ட ஒண்ணொண்ணா அனுப்பும். அசல்ல 4021-னு ஐசி. குளோன்ல அதுவும் கறுப்புச் சொட்டுதான். வயர் பிஞ்ச கன்ட்ரோலர் ஒண்ணு இருக்குன்னீங்களே, அதோட போர்டை பட்டன் பகுதியோட ரெண்டா வெட்டி இடது வலதா வைங்க, வெட்டுப்பட்ட தடங்களை வயரால இணைங்க. ரப்பர் பட்டனும் பழைய மாதிரியே அமுங்கும். புதுசா செய்யணும்னா சிடி4021 எஸ்பி ரோட்டுல எந்தக் கடைலயும் இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் 5 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர், பட்டன் அமுக்கினா கிரவுண்ட். எஸ்பி ரோடு ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே போயிடுங்க.

பெட்டிக்கு எலெக்ட்ரிக்கல் கடைல சுவத்து மேல வைக்கிற 8 மாடுலர் சுவிட்ச் பாக்ஸ் கேளுங்க. வெள்ளை பிளாஸ்டிக், நல்ல கனம், அறுத்தா நொறுங்காது. ஸ்கிரீனுக்கு ஜன்னல் வெட்டி, இடைவெளியை எம்-சீல் வெச்சு அடைச்சு, கார் பட்டி பூசித் தேய்ச்சா வெட்டின தடமே தெரியாது. பட்டி வாங்கவும் அதே ஜேசி ரோடுதான்.


கோலார்_தங்கம் · கே.ஆர். புரம்

பிரிண்ட் பண்ணணும்னா என்கிட்ட மெஷின் இருக்கு. ஆனா பிஎல்ஏ பிளாஸ்டிக்ல கேக்காதீங்க, 60 டிகிரிலயே இளகும். வெயில்ல நிறுத்தின கார் டேஷ்போர்டுல வெச்சா வளைஞ்சுடும். அதைவிடச் சூடு தாங்குற பிஇடிஜி-ல போட்டுத் தரேன்.


பர்ப்பிள்_லைன்_பயணி · ஜீவன்பீமா நகர்

சுவிட்ச் பாக்ஸே போதும்கா, எனக்கு அந்த முகம் பிடிச்சுப்போச்சு. மேல ஒரு ஃபேன் ரெகுலேட்டர் ஓட்டை இருக்கு, அதுல வால்யூம் திருகு வெச்சிட்டேன்.

எல்லாம் உள்ள போயாச்சு. பிஏஎம்8403 ஆம்ப்ளிஃபயர், சின்ன ஸ்பீக்கர். ஒரே பிரச்சினை, ஸ்பீக்கர்ல "ங்ஙீ"னு ஒரு இரைச்சல். படம் வெள்ளையானா சத்தம் மாறுது. ஹெட்ஃபோன்லயும் கேக்குது.


அல்சூர்_ஏரிக்கரை · அல்சூர்

படத்தோட சேர்ந்து மாறுதுன்னா ஸ்கிரீன் இழுக்கிற கரண்டு ஆடியோ கிரவுண்ட் வழியா திரும்பி வருது. ஒரே கறுப்பு வயர்ல ஸ்கிரீன், போர்டு, ஆம்ப்ளிஃபயர் மூணையும் கோத்திருப்பீங்க. மூணுக்கும் தனித்தனி கிரவுண்ட் வயர் இழுத்து பூஸ்ட் கன்வர்ட்டரோட மைனஸ்ல மட்டும் சேருங்க. ஆம்ப்ளிஃபயரோட 5 வோல்ட் கால்ல 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போடுங்க. ஆடியோ வயர் கன்வர்ட்டர் காயிலை ஒட்டிப் போனா அதையும் தள்ளி விடுங்க.


எமுலேட்டர்_எட்டப்பன் · எலக்ட்ரானிக் சிட்டி

என் சீனப் பெட்டில ங்ஙீ கிடையாது. சும்மா சொன்னேன்.


பர்ப்பிள்_லைன்_பயணி · ஜீவன்பீமா நகர்

கிரவுண்டைப் பிரிச்சதும் முக்கால்வாசி போயிடுச்சு, கெப்பாசிட்டர் போட்டதும் மீதியும் போச்சு. ரொம்ப நன்றிண்ணா. நேத்து டிரினிட்டில இருந்து உட்கார இடம் கிடைச்சுது, ஒயிட்ஃபீல்டு வரைக்கும் ஆடினேன். பக்கத்துல இருந்த பெரியவர் தமிழ்தான் போல, "இது மின்சார வாரியம் கொடுத்ததாப்பா?"னு கேட்டார்.

கோலார்_தங்கம் அக்கா, இப்ப வீ பத்திச் சொல்லுங்க.


கோலார்_தங்கம் · கே.ஆர். புரம்

சரி, உட்காருங்க. இது பெரிசு.

2006-ல வந்த வீயோட போர்டுல பாதி இடம் டிரைவ், வைஃபை, புளூடூத், சாக்கெட்டுங்களுக்குத்தான் போகுது. கேம் ஓட நிஜமா வேண்டியது நடுவுல ஒரு சின்ன சதுரம். 729 மெகாஹெர்ட்ஸ் பிராட்வே சிபியு, பக்கத்துல ஹாலிவுட் ஜிபியு, 64 எம்பி ராம் சிப்பு, 512 எம்பி நேண்ட் (உள் சேமிப்புச் சிப்பு). அந்தச் சதுரத்தைச் சுத்தி போர்டையே அறுத்து எடுத்துடறதுதான் இந்த வித்தை. கேம் யூஎஸ்பி பென் டிரைவ்ல இருந்து ஓடும், அதனால செத்த டிரைவ் பத்திக் கவலை இல்ல. வெள்ளை, பக்கத்துல கேம்கியூப் சாக்கெட் இருக்கிற மாடல்னா கேம்கியூப் கேமும் சேர்த்துக் கிடைக்கும்.

அறுத்ததும் போர்டுல இருந்த ரெகுலேட்டருங்க போயிடும். 1, 1.15, 1.8, 3.3 வோல்ட்னு நாலும் நீங்களே கொடுக்கணும். இதுக்கு ஒரு செல் பத்தாது. செல் 3 வோல்ட்ல இருந்து 4.2 வரைக்கும் ஏறி இறங்கும், 3.3 அதுக்கு நடுவுல மாட்டிக்கும். ரெண்டு செல்லைத் தொடரா வெச்சா எல்லாத்தையும் கீழ இறக்கினா போதும். அதோட அடாப்டர் 12 வோல்ட் 3.7 ஆம்பியர்னு மிரட்டும், ஆனா முழு மெஷினே ஆடும்போது 20 வாட்டைத் தாண்டாது. டிரைவும் வைஃபையும் போனா இன்னும் இறங்கும். ஸ்கிரீனோட சேர்த்து 12 வாட்னு வெச்சுக்கிட்டா 25 வாட்-அவர் பேட்டரிக்கு ரெண்டு மணி நேரம். ஃபேன் கண்டிப்பா வேணும்.

அறுக்கிற இடம்தான் கண்டம். போர்டு பல அடுக்கு. ரோட்டரி டூல் பிளேடு போற வேகத்துல உள் அடுக்குத் தாமிரம் விளிம்புல இழுபட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 400 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு நைசா போய்க்கிட்டே இருக்கணும், விளிம்புல அடுக்குங்க தனித்தனிக் கோடா தெரியற வரைக்கும். அந்தத் தூசியை மூச்சுல இழுக்காதீங்க, கண்ணாடி நார். மாஸ்க் போட்டு, தண்ணி தொட்டுத் தேய்ங்க.

உங்க 25 வாட் அயர்ன் இதுக்கு உதவாது. வீ போர்டுல ஈயமில்லாத சால்டர், 217 டிகிரிக்கு மேலதான் உருகும். நாம வாங்குற 63/37 ஈயம் 183-லயே உருகிடும். டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள ஸ்டேஷன் வேணும், ஃப்ளக்ஸ் தாராளமா வேணும், மேக்னெட் வயர் (எனாமல் பூசின மெல்லிசு தாமிர வயர்) வேணும்.


பர்ப்பிள்_லைன்_பயணி · ஜீவன்பீமா நகர்

ஸ்டேஷன் வாங்கிடறேன்கா. இந்த வாரக் கடைசில அறுக்கலாமா?


கோலார்_தங்கம் · கே.ஆர். புரம்

வேண்டாம். ரெண்டு வேலை பாக்கி இருக்கு.

முதல்ல பூட்மீன்னு ஒரு சாஃப்ட்வேர் ஏத்தி நேண்ட் முழுசையும் எஸ்டி கார்டுல பேக்கப் எடுங்க. ஒவ்வொரு வீக்கும் தனிச் சாவி போட்டுப் பூட்டினது அது. வேற வீயோட நேண்டைக் கொண்டுவந்து வெச்சா திறக்காது. அந்தக் கோப்பை ரெண்டு இடத்துல வைங்க.

அப்புறம் அறுக்கறதுக்கு முன்னாடி, பவர் இல்லாம, நாலு வோல்ட்டேஜ் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல எத்தனை ஓம் வருதுன்னு அளந்து எழுதுங்க. பெரிய சிப்புக்குப் போற லைன்ல இயல்பாவே ரொம்பக் கம்மியா காட்டும். அறுத்த பிறகு அதைப் பார்த்து ஷார்ட்னு பயந்து திரும்பத் திரும்பத் தேய்ச்சு போர்டைக் கெடுத்தவங்க நிறைய பேர். முன்னாடி எடுத்த நம்பர் இருந்தாத்தான் ஒப்பிட முடியும்.

நாலு நம்பரையும் இங்க போடுங்க. பார்த்துட்டு எங்க வெட்டலாம்னு கோடு போட்டு அனுப்பறேன்.